முதற்பல்

சென்ற மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றிற் காலையில், மாணவர் எழுதிய யாப்பிலக்கண விடைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். அடுக்களையிலிருந்து என் மனைவி, "இஞ்சை ஒருக்கா ஓடி வாங்கோ" என்று கூவினாள். தளை தட்டிய ஒரு வெண்பாவை அப்படியே விட்டுவிட்டு எழுந்து சென்றேன். ஏழு மாதம் நிரம்பிய எங்கள் பேத்தியை மடியில் இருத்தி அவள் கஞ்சி தீத்திக்கொண்டிருந்தாள். "கேளுங்கோ" என்று சொல்லி, கரண்டியின் விளிம்பைக் குழந்தையின் கீழ்முரசில் மெல்லத் தட்டினாள். 'டிக்' என்றோர் ஒலி எழுந்தது. முரசு என்று எங்களூரார் கூறுவது பல் பொருந்தியிருக்கும் ஈற்றை. கொட்டும் முரசு வேறு. ஆயினும் அன்று எங்கள் வீட்டில் அம்முரசும் கொட்டத்தான் கொட்டியது.

மாலைக்குள் செய்தி கனடாவுக்கும் இலண்டனுக்கும் போய்ச் சேர்ந்தது. எல்லாரும் திருப்பிக் கேட்ட கேள்வி ஒன்றே: "பல்லுக்கொழுக்கட்டை எப்போது?"

இச்சொல்லோடு எனக்கு ஒரு பழைய பிணக்கு உண்டு. பண்டித பரீட்சையிற் சித்தியெய்திய செருக்கில், ஒருநாள் என் தாயாரைத் திருத்தப் புகுந்தேன். "அம்மா, லகர ஈற்றின்முன் வல்லெழுத்து வந்தால் லகரம் றகரமாய்த் திரியும். பற்பொடி என்பதுபோலப் பற்கொழுக்கட்டை என்றே சொல்ல வேண்டும்" என்றேன். அவர் அரிசிமாவைக் குழைத்த கையை எடாமலே, "தம்பி, உன்ரை பற்கொழுக்கட்டையை நீயே தின். எங்களுக்குப் பல்லுக்கொழுக்கட்டை காணும்" என்றார். பல் என்னுஞ் சொல் உகரச் சாரியை பெற்றுப் பல்லு என நின்று, பின் உருபேற்றதுபோல வருவதற்கும் விதி காட்டலாம் என்பது எனக்குப் பின்னரே தோன்றியது. அன்று வென்றவர் அவரே.

அறியாத இளையோர்க்காக அச்சடங்கைச் சிறிது விரித்துக் கூறுகிறேன். குழந்தைக்கு முதற்பல் தோன்றியபின், நல்ல நாளொன்றிற் பயறும் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் கலந்த உள்ளீட்டை அரிசிமாவினுள் வைத்துப் பிறைவடிவாகக் கொழுக்கட்டை பிடிப்பர். தேங்காய்ச் சொட்டைச் சிறு சிறு பற்களாகச் சீவி அப்பிறையின் விளிம்பிலே பதிப்பர். அவித்தெடுத்தால், வாய்திறந்து சிரிக்கும் குழந்தைபோலவே அது தோன்றும். குழந்தையைப் பாயில் இருத்தித் தலைமேல் வெள்ளைத் துணியொன்றை விரித்து, அதன்மேற் சிறு கொழுக்கட்டைகளைச் சொரிவர். பின்பு கொப்பி, பேனை, பொன்நகை, காசு முதலியவற்றை எதிரே பரப்பிவைத்து, குழந்தை எதனை எடுக்கிறது என்று சுற்றத்தார் அனைவரும் மூச்சடக்கிப் பார்த்திருப்பர். பேனையை எடுத்தாற் கல்விமான். காசை எடுத்தால் வணிகன். எங்கள் வீட்டில் இதற்கென ஒரு மூத்த மாமி உண்டு. பேனையைக் குழந்தைக்குக் கிட்டவாகத் தள்ளிவைப்பது அவர் வழக்கம்.

இது யாழ்ப்பாணத்தாருக்கே உரிய தனிச்சொத்து என நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அவ்வாறன்று. இங்கிருந்து பல்லாயிரம் கல்லுக்கு அப்பால் வாழும் ஆர்மீனியர், முதற்பல் முளைத்த குழந்தையை இருத்தித் தலையைத் துணியால் மூடி, அதன்மேல் அவித்த கோதுமையைச் சொரிகின்றனர். பின்னர்ப் பொருள்களை எதிரே பரப்பி ஒன்றை எடுக்கச் செய்கின்றனர். 'ஆக்ரா ஹாதிக்' என்பது அவர்கள் அதற்கு இட்ட பெயர். ஹாதிக் என்றால் தானியமணி. துருக்கியர் தமது சடங்கைப் 'பற்கோதுமை' என்னும் பொருள்படும் பெயரால் வழங்குவர். லெபனானிலும் பலஸ்தீனத்திலும் கோதுமையை அவித்து இனிப்பூட்டி அயலார்க்குப் பகிர்வர். அரிசி விளையும் நாட்டில் அரிசி. கோதுமை விளையும் நாட்டிற் கோதுமை. பாலொன்றே உண்ட வாய் இனித் தானியத்தை அரைக்கும் என்ற மகிழ்ச்சி எங்கும் ஒன்றாகவே இருக்கிறது. ஒருவரிடமிருந்து ஒருவர் பெற்றார் என்று கூற ஆதாரம் தேடி நான் அலையப்போவதில்லை.

வியப்பு என்னவெனில், ஊர் இவ்வளவு கொண்டாடும் பல்லைப் பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் ஒரு பருவமாக வகுக்கவில்லை. செங்கீரைக்கு ஐந்தாம் மாதம். தாலுக்கு ஏழாம் மாதம். சப்பாணிக்கு ஒன்பதாம் மாதம். முத்தத்துக்குப் பதினோராம் மாதம். பல் முளைப்பது தாலுக்கும் சப்பாணிக்கும் நடுவே. ஒருவேளை முத்தப் பருவத்தில் முத்துக்களை அடுக்கியபோது பல்லையும் அதனுள் அடக்கிவிட்டோம் எனக் கருதினர் போலும். சொல்வளத்திலோ குறைவில்லை. நகை, முறுவல், மூரல் என்பன பல்லுக்கும் பெயர், சிரிப்புக்கும் பெயர். பல் இல்லாக் குழந்தையின் சிரிப்பை இச்சொற்களால் எவ்வாறு குறிப்பது என்று ஒரு மாணவன் வகுப்பிற் கேட்டான். அதற்குப் பொக்கைவாய்ச் சிரிப்பு என்று தமிழ் பெயர் வைத்திருக்கிறது என்று சொல்லித் தப்பினேன்.

தொல்காப்பியர் எழுத்துக்கள் பிறக்கும் இடங்களை எண்ணுமிடத்துப் பல்லையும் ஒன்றாக வைத்தார். பகரமும் மகரமும் இரண்டு இதழும் இயையப் பிறப்பன. அவற்றுக்குப் பல் வேண்டா. தகரத்துக்கு நா மேற்பல்லின் அடியைச் சென்று பொருந்த வேண்டும். வகரத்துக்குப் பல்லும் இதழும் கூட வேண்டும். ஆதலின் அம்மா, அப்பா, மாமா என்பன பல்லில்லா வாய்க்கும் எளியன. 'தாத்தா' என்று அழைக்கப்படும் கிழவர், இலக்கணப்படி பார்த்தால், மேற்பல் முளைக்கும்வரை காத்திருக்க வேண்டியவர். தாயின் தந்தையை 'அம்மப்பா' என்று விளிக்கும் எங்களூரில் அக்கவலை இல்லை. குழந்தைகள் தொல்காப்பியம் பயின்று பேசுவதில்லையென்பதை நான் அறிவேன். எனினும் பேத்தி என்னை அழைக்கும் நாளை எதிர்பார்க்கும்போது இவ்வாறெல்லாம் எண்ணுவது ஒரு சுகம்.

இனிப் பல்லின் கதைக்கு வருவோம். அது பிறந்தபின் தொடங்குவதன்று. கரு வயிற்றிலே தங்கி ஆறு வாரமளவிற் பல்லின் அரும்பு தோன்றத் தொடங்குகிறது. நான்காம் மாதமளவில் அது கடினமுறத் தொடங்குகிறது. பிறக்கும் குழந்தை வெறும் முரசோடு சிரித்தாலும், 20 பாற்பற்களும் அம்முரசின் கீழ் வரிசையாக உறங்கிக் கிடக்கின்றன. பல் 'முளைத்தது' என்கிறோம்; ஆனால் வித்து முளைக்கும்போது வேர் முந்துகிறது, பல்லிலோ தலை முதலில் உருவாகிறது. வேர் பின்னரே வளர்கிறது. பல் வெளியே தெரிந்து ஓராண்டு கழிந்தும் அதன் வேர் முற்றுப் பெறுவதில்லை. மேலேயுள்ள எலும்பு சிறிது சிறிதாகக் கரைந்து வழிவிட, பல் எழுந்து வருகிறது. கத்திபோல முரசை அறுத்துக்கொண்டு வருகிறது என்று நினைப்பது பிழை.

முதலில் எழுவன பெரும்பாலும் கீழ்வாயின் நடுப்பற்கள் இரண்டும். 6 முதல் 10 மாதத்துக்குள் அவை தோன்றும். அடுத்து மேல்நடுப்பற்கள் 8 முதல் 12 மாதத்துள். பக்கப்பற்கள் அவற்றைத் தொடரும். முதற் கடைவாய்ப்பற்கள் 13 முதல் 19 மாதமளவில் வருகின்றன. கோரைப்பற்கள் முறையாக அவற்றுக்கு முன்னே வரவேண்டும் என்று நினைப்போம். அவை அப்படியன்றி 16 முதல் 23 மாதமளவிற் பிந்தியே இடையிற் புகுகின்றன. மூன்று வயதளவில் இருபதும் நிரம்பும். ஆயினும் இந்த மாதக்கணக்கைப் பஞ்சாங்கம் போலப் பிடித்துக்கொள்ளலாகாது. நான்காம் மாதத்திற் பல் கண்ட குழந்தையும் உண்டு. முதலாண்டு நிறைவன்று பொக்கைவாயோடு பாயாசம் குடித்த குழந்தையும் உண்டு. இது பெரிதும் குடும்பவழி வருவது. ஒன்றரை வயதாகியும் ஒரு பல்லும் தோன்றாவிடிற் பல் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

சில குழந்தைகள் பல்லோடே பிறப்பதுண்டு. 2,000 முதல் 3,000 பிறப்புகளுக்கு ஒன்று என்பர். தீக்குறி என்று அதனைக் கண்டு அஞ்சிய சமுதாயங்கள் பல. உண்மையில் அவை பெரும்பாலும் முந்திவந்த பாற்பற்களேயன்றி வேறல்ல. மிகவும் ஆடினால் மட்டும், தொண்டையிற் சிக்காதிருக்க வைத்தியர் அகற்றுவார். மேற்பல் முந்தினால் மாமனுக்கு ஆகாது என்பதும் நம்மிடையே உள்ள நம்பிக்கை. என் தமக்கையின் மகனுக்கு மேற்பல்லே முந்தியது. அவனுக்கு இப்போது மீசை நரைக்கத் தொடங்குகிறது. மாமனாகிய நான் இதனை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இவை நகைத்து விட்டுவிடத்தக்க நம்பிக்கைகள். நகைக்க முடியாதது ஒன்று உண்டு. காய்ச்சலா, வயிற்றோட்டமா, வாந்தியா, வலிப்பா, எது வரினும் "பல்லுக்குத்தான்" என்று சொல்லி அமைதியுறும் வழக்கத்தையே குறிப்பிடுகிறேன். இது நம்மவரின் பேதைமை மட்டுமன்று. பதினாறாம் நூற்றாண்டிற் பிரான்சின் புகழ்பெற்ற சத்திரவைத்தியர் அம்புருவாசு பாரே, பல்லுக்கு வழிசெய்வதாகக் குழந்தைகளின் முரசைக் கீறுமாறு எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கிலாந்தின் மரணப் பதிவுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு எதிரே 'பல் முளைத்தல்' என்றே மரணகாரணம் எழுதப்பட்டது. இரசம் கலந்த பற்பொடிகளை அந்நாட்டார் குழந்தைகளுக்கு ஊட்டினர். அவற்றால் ஒரு கொடிய நஞ்சுநோய் பரவியது. 1954ஆம் ஆண்டளவில் அப்பொடிகளிலிருந்து இரசம் நீக்கப்பட்டபின்னரே அந்நோய் மறைந்தது.

தருக்கம் கற்றோர் காகதாலீய நியாயம் என்று ஒன்று கூறுவர். பனையிற் காகம் வந்து இருந்தது; அக்கணத்திற் பழம் விழுந்தது; காகம் விழுத்தியது என்று கண்டவன் சொல்கிறான். பனை நாட்டவராகிய நமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஆறாம் மாதமளவிலேதான் தாயிடமிருந்து குழந்தை பெற்றுவந்த நோயெதிர்ப்பு குறைகிறது. அப்போதுதான் கஞ்சியும் சோறும் தொடங்குகின்றன. அப்போதுதான் குழந்தை தவழ்ந்து, கண்டதையெல்லாம் வாயிலிடுகிறது. நோய்கள் அப்போது வருகின்றன. பல்லும் அப்போது வருகிறது. பல் காகம். பல்லாற் குழந்தைக்கு வாய்நீர் வடியலாம், முரசு சிவக்கலாம், சிணுங்கலாம், கண்டதைக் கடிக்கலாம், உடம்பு இலேசாகச் சுடலாம். 38 பாகை செல்சியசும் அதற்கு மேலும் ஏறுங் காய்ச்சல் பல்லினால் வருவதன்று. வயிற்றோட்டமும் பல்லினால் வருவதன்று.

இதனை நான் நூலிற் படித்து அறியவில்லை. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் ஒருங்கே எழுந்து தென்மராட்சியை நோக்கிச் சென்றதை இவ்வேட்டின் வாசகர் பலர் தம் காலாலேயே அறிவர். மழை. நாவற்குழிப் பாலத்தை நாங்கள் கடந்தபோது விடிந்துவிட்டது. எட்டு மாதம் நிரம்பிய எங்கள் மகள் என் தோளில், நனைந்த துவாயினுள் இருந்தாள். கொடிகாமத்துக்கு அண்மையிலிருந்த ஒரு பாடசாலையின் வகுப்பறையில் ஆறு குடும்பங்களோடு இடம் கிடைத்தது. அத்தனை பேருக்கும் கிணறு ஒன்று.

பத்து நாள் கழிந்திருக்கும், குழந்தைக்கு வயிற்றோட்டம் கண்டது. என் தாயார் விரலால் முரசைத் தடவிப் பார்த்து, "முளை தெரியுது. பல்லுக்குத்தான் கழியுது, பயப்படாதையுங்கோ" என்றார். பக்கத்துப் பாயிலிருந்தோரும் ஆமென்றனர். நானும் நம்பினேன். வைத்தியசாலை நெடுந்தூரம், எங்கும் சனநெருக்கம், வெளியே மழை. நம்புவது எளிதாக இருந்தது. இரண்டு நாள் சென்றன. மூன்றாம் நாட் காலையிற் குழந்தை அழுதது; கண்ணீர் வரவில்லை. நான் அதனையும் நல்ல குறியென்றே கொண்டேன். அழுகை அடங்குகிறது என்று மனைவியிடம் சொன்னேன்.

அடுத்த வகுப்பறையில் ஒரு குடும்பநல மாது தம் பிள்ளைகளோடு தங்கியிருந்தார். எங்களைப் போல இடம்பெயர்ந்து வந்தவர். வாளியொன்று இரவல் கேட்க வந்தவர், குழந்தையைக் கண்டதும் வாளியை மறந்தார். உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்தார், அது குழிந்திருந்தது. வயிற்றுத் தோலை இரு விரலாற் கிள்ளி விட்டார். அது மடிப்பு மடிப்பாகவே நின்று, மெல்லத் திரும்பிற்று. "எப்ப கடைசியாய் மூத்திரம் போனது?" என்று கேட்டார். எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. "பல்லுக்குப் பிள்ளை" என்று என் தாயார் தொடங்கினார். "ஆச்சி, பல்லு முரசாலைதான் வரும், வயித்தாலை வராது. இப்ப போறது பிள்ளையின்ரை உயிர்த்தண்ணி" என்றார் அம்மாது.

உப்புச் சீனிக் கரைசலை அன்றுதான் நான் கற்றேன். கொதித்தாறிய நீர் 1 லீற்றர்; மட்டமாக 6 தேக்கரண்டி சீனி; மட்டமாக அரைத் தேக்கரண்டி உப்பு. நீர் கொதித்தது. உப்பு இருந்தது. சீனிதான் இல்லை, ஆறு குடும்பங்களும் தத்தம் தேநீருக்கென முடிந்து வைத்திருந்ததிற் கரண்டி கரண்டியாகச் சேர்ந்தது. ஒரே முறையிற் பருக்கினால் வாந்தியாகும். நிமிடத்துக்கொரு கரண்டி என்று அவர் கட்டளையிட்டார். தாய்ப்பாலையும் நிறுத்தவிடவில்லை. குப்பிவிளக்கின் முன்னிருந்து, கரண்டியை எண்ணி எண்ணி அவ்விரவைக் கழித்தோம். விடிவதற்குச் சற்று முன்னர் என் சாரம் நனைந்தது. மழையென்று முதலில் எண்ணினேன். வெதுவெதுப்பாயிருந்தது. என் மனைவியை எழுப்பி, "மூத்திரம் போயிட்டுது" என்றேன். அதனைச் சொல்லும்போது என் குரல் உடைந்தது. பின்னர்ச் சைக்கிளில் வைத்தியசாலைக்குக் கொண்டுசென்று காட்டினோம்.

பல் அன்று வரவில்லை; மறுநாளும் வரவில்லை. வயிற்றோட்டம் முற்றாக நின்று பதினொரு நாள் கழித்தே வந்தது.

அதே பாடசாலையின் மறுகோடியில் இருந்த ஒரு குழந்தைக்கு அத்தகைய இரவு வாய்க்கவில்லை. அதற்கும் பல்லுக்குத்தான் என்றே சொல்லியிருந்தார்கள்.

இன்று மருந்துக்கடையில் 'ஜீவனி' பைக்கற்று கிடைக்கிறது. அவ்வளவு பாடுபட வேண்டியதில்லை. பல் வரும்போது முரசு உளைந்தால், கழுவிய விரலால் மெல்லத் தேய்க்கலாம். குளிர்ந்த ஈரத்துணியைக் கடிக்கக் கொடுக்கலாம். தேன் தடவுவது நம் பழைய வழக்கம்; ஒரு வயதுக்கு முன் தேன் ஆகாது, அதிலுள்ள ஒருவகைக் கிருமிவித்துக் குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கக்கூடும். மரத்துப்போகச் செய்யும் பசைமருந்துகளும் இரண்டு வயதுக்கு உட்பட்டோர்க்கு ஆகா. முதற்பல் தோன்றிய நாள்தொட்டே, அரிசிமணியளவு புளோரைட்டுப் பற்பசை இட்டு, காலையும் இரவும் துலக்க வேண்டும் என்று என் மகள் சொல்கிறாள். விழப்போகும் பல்தானே என்றேன். கடைவாய்ப் பாற்பற்கள் பத்துப் பன்னிரண்டு வயதுவரை நிற்பன, பின்வரும் பற்களுக்கு இடம் காப்பன என்று அவள் எனக்குப் பாடம் சொன்னாள்.

அவளுடைய பல்லுக்கொழுக்கட்டையும் அந்தப் பாடசாலை விறாந்தையிலேயே நடந்தது, அவ்வாண்டு மார்கழியில். அரிசிமா இல்லை, நிவாரணமாகக் கிடைத்த கோதுமை மாவே இருந்தது. பயறும் இல்லை. தென்மராட்சியிற் தேங்காய்க்குக் குறைவில்லையாதலால், என் தாயார் பல்லை மட்டும் ஒவ்வொரு கொழுக்கட்டையிலும் தாராளமாகப் பதித்தார். வாளி இரவல் கேட்க வந்த அம்மாதே குழந்தையின் தலையிற் சொரிந்தார். எதிரே பரப்பிவைக்க எங்களிடம் இருந்தவை மூன்று: பாதிப் பென்சில் ஒன்று, ஐந்து ரூபாய்க் குற்றி ஒன்று, நாங்கள் பூட்டிவிட்டு வந்த வீட்டின் திறப்பு. குழந்தை திறப்பை எடுத்தது. வழக்கமாக ஆரவாரிக்கும் கூட்டம் அன்று ஒன்றும் சொல்லவில்லை. 1996இல் நாங்கள் திரும்பி வந்தபோது அத்திறப்புக்குரிய கதவு இருக்கவில்லை, நிலையும் இருக்கவில்லை. திறப்பை மனைவி பத்திரப்படுத்தி வைத்திருந்தாள்.

சென்ற வெள்ளிக்கிழமை பேத்திக்குச் சடங்கு நடந்தது. தாயாருக்குப் பதிலாக என் மனைவி மாவைக் குழைத்தாள். மூத்த மாமி பேனையைத் தள்ளிவைத்தார். மகள் எங்கிருந்தோ அந்தத் திறப்பைத் தேடியெடுத்து வந்து, ஒருவரிடமும் ஒன்றும் சொல்லாமல், தட்டின் ஓரத்திலே வைத்தாள். பேத்தி பேனையைப் பார்க்கவில்லை, திறப்பையும் தொடவில்லை. மடியில் விழுந்திருந்த கொழுக்கட்டையொன்றை இரு கையாலும் பிடித்து, விளிம்பிலிருந்த தேங்காய்ப்பல்லைக் கடித்துப் பிடுங்கிவிட்டாள். தொண்டையிற் சிக்கிவிடும் என்று மகள் பதறி விரலை வாயினுள் விட்டு அதனை எடுத்தாள். எடுத்த விரலில் இரண்டு சிறு பள்ளங்கள் பதிந்திருந்தன. அவள் அதனை வெளிச்சத்திற் பிடித்து எங்கள் எல்லாருக்கும் காட்டினாள்.